499 ரூவா விண்டோஸ் குமுளிக் கடைக்கு ஆகுமா? – கம்பம்–குமுளி சொந்தங்கள் குழு

உத்தமபாளையம் சித்தப்பா: (பார்வேர்டு) ⚡ விண்டோஸ் 10 ப்ரோ ஒரிஜினல் கீ! ஆயுள் முழுக்க! வெறும் ₹499! 5 நிமிசத்துல வாட்ஸ்அப்ல வரும் ⚡

உத்தமபாளையம் சித்தப்பா: மச்சான், கடை கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடக் கீ, அதான் அந்த லைசென்ஸ் நம்பர், கேட்டீங்கள்ல. இதப் பாருங்க.

குமுளி மாமா: நல்லதாப் போச்சு மாப்ள. குரோமைத் தொறந்தாலே இதுக்கு மேல புதுப்பிக்க முடியாதுன்னு ஒரு பட்டை வந்து நிக்குது. பேங்க் சைட்டு பாதி நேரம் தொறக்க மாட்டேங்குது. ஏலக்கா சீசன்ல இதோட மல்லுக்கட்ட முடியல. பணத்த அனுப்பிரவா?

முத்து: மாமா அனுப்பாதீங்க!! கொஞ்சம் பொறுங்க. சிபியூ பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அத போட்டோ எடுத்துப் போடுங்க.

குமுளி மாமா: 📷

குமுளி மாமா: பாதி அழிஞ்சு போச்சு. ஏலக்காத் தூசி வேற.

முத்து: படிக்க முடியுது மாமா. "விண்டோஸ் 7 ஹோம் பேசிக் ஓஏ", பக்கத்துல கம்ப்யூட்டர் கம்பெனி பேரு. இது ஓஇஎம் லைசென்ஸ். பெட்டி செஞ்ச கம்பெனி மொத்தமா கம்மி விலைக்கு வாங்கி ஒட்டிக் குடுத்தது. அந்த மதர்போர்டு இருக்குற வரைக்கும்தான் அது செல்லும், வேற மிஷினுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. ரீட்டெயில்னு தனியா முழு வெலை குடுத்து வாங்குறதத்தான் பழசுல எடுத்துட்டுப் புதுசுல போடலாம்.

கயல்: அத்தான், விண்டோஸ் 7 கீய வச்சே 10 போடலாம்னு சொல்வாங்களே?

முத்து: முன்ன நடந்துச்சு கயல். 2015 ஜூலைல 10 வந்தப்ப ஒரு வருசம் ஓசின்னு விட்டாங்க. வருசம் முடிஞ்ச பெறகும் பழைய கீய ஏத்துக்கிட்டேதான் இருந்துச்சு. 2023 செப்டம்பர்ல மைக்ரோசாப்ட் அந்த வழிய அடைச்சிருச்சு.

உத்தமபாளையம் சித்தப்பா: அப்ப இந்த 499 கீ? என் கூட்டாளி வாங்கிப் போட்டு நல்லாத்தானே ஓடுது.

முத்து: இன்னைக்கு ஓடும் சித்தப்பா. அந்த வெலைக்கு விக்கிறதுல நெறைய, பழைய மிஷின்லருந்து உருவுன ஓஇஎம் கீயா இருக்கும். இல்லாட்டி ஏதாவது ஒரு கம்பெனிக்கு மொத்தமாக் குடுத்த வால்யூம் கீ. வால்யூம்ல கேஎம்எஸ்னு ஒரு வகை உண்டு. அது 180 நாளைக்குள்ள அந்தக் கம்பெனி சர்வரைத் தொட்டுப் புதுப்பிச்சுக்கணும், மறுபடி மறுபடி. நம்ம கடைக்கு அந்த சர்வர் ஏது?

முத்து: ஒரு மருந்துக்கடைக்காரர் இந்த மாதிரிக் கீ போட்ட மிஷின எங்கிட்டக் கொண்டாந்தாரு. ஸ்கிரீன்ல வலது பக்கம் கீழ மூலைல "ஆக்டிவேட் விண்டோஸ்"னு மங்கலா ஒரு எழுத்து, பில் சாப்ட்வேரத் தொறந்தாலும் அதுக்கு மேலயே நிக்குது. வித்தவன் போனே எடுக்கல. பில் இருக்கான்னு கேட்டா வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டக் காட்டுறாரு. ரொம்பச் சங்கடமாப் போச்சு எனக்கு. உங்க கூட்டாளி நம்பரக் குடுங்க சித்தப்பா, ஒரு கமாண்டு அனுப்புறேன். லைசென்ஸ் எந்த வழியா வித்ததுன்னு ஒரு பெட்டியில காட்டும், அதத்தான் சேனல்ங்கிறது. "ரீட்டெயில் சேனல்"னு வந்தா நல்லது. "வால்யூம்"னு வந்தா அது அவரு லைசென்ஸ் இல்ல.

உத்தமபாளையம் சித்தப்பா: ஆயுள் முழுக்கன்னு போட்டுருக்கானேப்பா..

முத்து: யாரு ஆயுளு? விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. வீட்டு மிஷினுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்ட 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்சாங்க. கடை, ஆபீசுக்கு அது தனித் திட்டம், காசு கட்டணும்.

குமுளி மாமா: அப்ப நேரா 11 போட்ருவோம். ராம் வேணா கூட்டிக்கலாம்ல?

முத்து: ராம் கூட்டலாம் மாமா, ப்ராசஸர் தலைமுறை மாறாதே. உங்களது மூணாம் தலைமுறை ஐ3. இன்டெல்லுல எட்டாம் தலைமுறைக்குக் கீழ இருக்குறத, ஒண்ணு ரெண்டத் தவிர, 11 ஏத்துக்காது. டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பும் வேணும். அதுபோக உங்க விண்டோஸ் 32 பிட் வகை, 11 வர்றது 64 பிட்ல மட்டுந்தான். 32லருந்து 64க்கு இருக்குறது மேலயே ஏத்த முடியாது. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும். கணக்கு பாக்குற டேலி சாப்ட்வேர், உங்க பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் டிரைவர் எல்லாம் முதல்லருந்து போடணும்.

முத்து: சுத்தி வளைச்சு ஏத்துற வழியும் இருக்கு, வீடியோ நெறையக் கெடக்கு. அப்புடிப் போட்டா அப்டேட் வரும்னு உறுதி இல்லன்னு மைக்ரோசாப்டே சொல்லுது. கணக்கு இருக்குற மிஷின்ல நான் அதச் செய்ய மாட்டேன்.

கயல்: எங்க காலேஜ்ல ஸ்டூடன்ட்டுக்கு விண்டோஸ் குடுக்குறாங்க அத்தான். என் பேர்ல வாங்கி அப்பா கடைக்குப் போட்டா?

முத்து: வேணாம் கயல். அது நீ படிக்கிறதுக்கு உன் மிஷினுக்குன்னு குடுக்குற சலுகை, யாவாரத்துக்குச் செல்லாது. காலேஜ் ஒப்பந்தத்துல வர்றது அப்கிரேடு லைசென்ஸ்தான், அடியில முறையான விண்டோஸ் ஒண்ணு ஏற்கெனவே இருக்கணும். சலுகை வெலைனு எதப் பாத்தாலும் அது யாருக்கு, எந்த மிஷினுக்கு, எத்தன நாளைக்குன்னு மூணையும் கேட்டுட்டுத்தான் காசு குடுக்கணும்.

வண்டிப்பெரியார் மதினி: இப்பத்தான் ஸ்கூல் விட்டு வந்தேன். இம்புட்டுப் பேச்சா! மாமா, எங்க ஸ்கூல்ல விண்டோஸே கெடையாது. விண்டோசுக்குப் பதிலா ஓசியாக் கெடைக்கிற லினக்ஸ்தான். ஸ்கூல் கம்ப்யூட்டர் வேலையப் பாக்குற கேரள அரசு அமைப்பு கைட் குடுத்தது, உபுண்டுங்கிற லினக்ஸ்லருந்து செஞ்சது. கைட்டுக்கு முன்ன ஐடி அட் ஸ்கூல்னு பேரு இருந்தப்பலருந்தே அப்புடித்தான். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஐசிடிங்கிற கம்ப்யூட்டர் பாடப் புத்தகமும் தமிழ்லயே வருது. கீயும் கெடையாது, லைசென்ஸ் காலாவதியும் கெடையாது. எத்தன மிஷின்ல வேணாலும் போட்டுக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். லேப்ல மாமா மிஷினவிடப் பழசெல்லாம் இதுல ஓடுது.

குமுளி மாமா: டேலி ஓடுமாத்தா அதுல?

வண்டிப்பெரியார் மதினி: டேலி எனக்குத் தெரியாது மாமா. தம்பிதான் சொல்லணும்.

முத்து: டேலி விண்டோசுக்குன்னே செஞ்சது மாமா. லினக்ஸ்ல நேரா ஓடாது. பேங்க், ஜிஎஸ்டி சைட்டு பாக்குறது, மெயில், லெட்டர் அடிக்கிறது, அதுக்கெல்லாம் லினக்ஸ் தாராளம்.

குமுளி மாமா: என்னதான் செய்யச் சொல்ற மாப்ள?

முத்து: சீசன் முடியிற வரைக்கும் பழைய மிஷின்ல டேலி மட்டும் பாருங்க. நெட் வயரக் கழட்டிருங்க, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னு போச்சு. பேங்க் வேலைய கயல் லேப்டாப்புல பாப்போம். பெறகு ஆபீஸ்லருந்து கழிச்ச மிஷின் ஒண்ணு பாக்குறேன். எட்டாம் தலைமுறைக்கு மேல, மதர்போர்டுலயே விண்டோஸ் ப்ரோ கீ பதிஞ்சிருக்குறது, ஜிஎஸ்டி பில்லோட. லைசென்ஸ் எந்தச் சேனல்னு உங்க முன்னாடியே பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். அதுவும் அந்தப் பெட்டியோட மட்டும் செல்ற லைசென்ஸ்தான், ஆனா பெட்டியும் உங்களதுதானே. பழசுல மதினி சொன்ன லினக்ஸப் போட்டு கவுண்டர்ல வச்சுக்கலாம்.

உத்தமபாளையம் சித்தப்பா: சரிப்பா. இந்த மெசேஜ இன்னும் நாலு குரூப்புல போட்டுருந்தேன், எல்லாத்துலயும் எடுத்துர்றேன்.

குமுளி மாமா: 👍 499 அனுப்பல. நாளைக்கு வண்டன்மேடு போகணும். நாளாண்ணிக்கு காலைல வா, டேலி பேக்கப் எடுத்துருவோம். பென்டிரைவ் கல்லாப்பெட்டில இருக்கு.

முத்து: வாரேன் மாமா. அந்தப் பென்டிரைவ் மட்டும் பத்தாது, ஹார்டு டிஸ்க் ஒண்ணும் கொண்டாரேன். ரெண்டு எடத்துல இருக்கட்டும்.