மில்லியில் எழுதிய எண்ணெயைக் கிராமுக்கு மாற்றிய அனுபவம் உண்டா?

தெரிந்தவர் ஒருவர் சோப்புச் செய்முறை ஒன்றை அனுப்பினார். ஆலிவ் எண்ணெய் 500 மில்லி, காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்) 64 கிராம். ஒன்று மில்லியில், இன்னொன்று கிராமில் இருந்தால் நான் கணக்குப் பார்க்காமல் அடுப்புப் பக்கமே போகமாட்டேன்.

ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். ஆலிவ் எண்ணெய் ஒரு மில்லிக்குச் சுமார் 0.915 கிராம்தான். அப்படியானால் 500 மில்லி என்பது 458 கிராம். ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய் சோப்பாக மாற ஏறத்தாழ 0.135 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 458 கிராமுக்கு 62 கிராமே அதிகபட்சம். 64 போட்டால் இரண்டு கிராம் காரம் எண்ணெய் கிடைக்காமல் அப்படியே நிற்கும். தோலில் தேய்க்கிற பொருளில் அது இருக்கவே கூடாது.

அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் 500 கிராம் என்றால் 67.5 வருகிறது, காரம் மிஞ்சாமலிருக்க வழக்கமாகக் குறைத்துப் போடும் 5 சதவீதத்தைக் கழித்தால் சரியாக 64! மூலச் செய்முறை கிராமில்தான் இருந்திருக்கிறது, நகலெடுத்த யாரோ மில்லி ஆக்கிவிட்டார்கள். 500 கிராம் நிறுத்துப் போட்டேன், சோப்பு நன்றாக வந்தது. அனுப்பியவரிடமும் உடனே சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் சோப்பு செய்வதில்லை, முகத்துக்கான எண்ணெய்க் கலவைதான். எல்லா எண்ணெய்க்கும் மில்லிக்கு 0.9 கிராம் என்று பொதுவாகப் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஜோஜோபா 0.865 அளவில் இருக்கும் (அது உண்மையில் திரவ மெழுகு), விளக்கெண்ணெய் 0.96. கிளிசரின் 1.26, தண்ணீரைவிடக் கனம். வாசனைத் தைலங்களில் வித்தியாசம் இன்னும் அதிகம்: லாவெண்டர் 0.88 அளவில் நிற்கும், கிராம்புத் தைலமோ தண்ணீரில் மூழ்கும்.

மில்லிக்கு 20 சொட்டு என்ற கணக்கையும் நான் நம்புவதில்லை. குப்பியின் வாயும் தைலத்தின் கெட்டித்தன்மையும் மாறினால் சொட்டின் அளவும் மாறும். கிராம்புத் தைலம் கூடினால் தோல் எரியும், அதனால் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்தே சேர்க்கிறேன்.

மறுமொழி 2

அடர்த்திப் பட்டியலில் (மில்லிக்கு எத்தனை கிராம் என்ற பட்டியல்) இல்லாத எண்ணெய் வந்தால் நான் செய்வது இது. தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து, காற்றுக்குமிழியை வெளியேற்றிவிட்டுக் கிண்ணத்தில் விடுவேன். வந்த எடையைப் பத்தால் வகுத்தால் அந்த எண்ணெயின் அடர்த்தி கிடைத்துவிடும். விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியானவை சிரிஞ்சின் உள்பக்கம் ஒட்டும், கடைசிச் சொட்டு வரை பொறுமையாகத் தள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்ததைக் கோப்பையில் அழுத்தி மில்லி பார்த்தால் நடுவில் காற்று புகுந்துவிடும், அந்த அளவை வைத்து எதுவும் செய்ய முடியாது. தராசில் வைத்தால் உறைந்தாலும் உருகினாலும் அதே எடைதான்.

மறுமொழி 3

எனக்குக் கணக்கு எதிர்த்திசையில் வந்தது. 30 மில்லி குப்பிகளில் பாதாம் எண்ணெய் நிரப்ப வேண்டும். அதன் அடர்த்தியால் பெருக்கிப் பார்த்தால் ஒரு குப்பிக்கு 27.5 கிராம். அதற்குப் பிறகு புனலும் அளவுக் குவளையும் எடுப்பதே இல்லை. காலிக் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 27.5 காட்டும்வரை நேராக ஊற்றுகிறேன். கழுவ வேண்டிய பாத்திரமும் குறைந்தது.