'உடற்கொழுப்புக் கணிப்பு': சொல் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புச் செயல்முறைத் தாள் ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டியுள்ளது. தோல்மடிப்பைக் கவ்வி அளக்கும் காலிப்பர் முதலியவை இன்றி, அளவுநாடாவை மட்டும் கொண்டு உடலில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று அறியும் முறை அது. 2018இல் வெளியான வாய்பாட்டின்படி, உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 20ஆல் பெருக்கி, வரும் எண்ணை ஆண்களுக்கு 64இலிருந்தும் பெண்களுக்கு 76இலிருந்தும் கழிக்க வேண்டும், 170 செ.மீ. உயரமும் 85 செ.மீ. இடுப்பும் உள்ள ஆணுக்கு 24 விழுக்காடு வரும். இதனை 'உடல் கொழுப்பு அளவீடு' எனலாமா?

— — —

அன்பு நண்பருக்கு, 'அளவீடு' கூடாது. நாடா அளப்பது சுற்றளவை. கொழுப்பை அது காண்பதே இல்லை. 1984இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் வகுத்த வாய்பாடும், மனிதர்களை நீரில் மூழ்கச் செய்து எடையிட்டுப் பெற்ற உடலடர்த்தியோடு கழுத்து, இடுப்பு, உயர அளவுகளைப் பொருத்திப் பார்த்து உய்த்துணர்ந்ததுதான். ஆகவே 'கணிப்பு' என்க. மேலும், நன்னூல்படி வேற்றுமையில் வல்லினம் வர லகரம் றகரமாகும் என்பதால், உடற்பயிற்சி போல 'உடற்கொழுப்பு' என்றே எழுத வேண்டும்.

— — —

கணிப்பு என்றால் மாணவருக்குச் சோதிடர் நினைவுதான் வரும், 'மதிப்பீடு' போதாதா? கொழுப்பு என்ற சொல்லுக்கே வகுப்பில் சிரிப்பு எழும் என்பது வேறு கதை.

— — —

சிரிப்பை அஞ்சுவோர் புறநானூற்றைத் திறக்கட்டும். 'நிணம்' என்னும் பழஞ்சொல் இருக்கையில் திமிரையும் குறிக்கும் சொல் எதற்கு? 'நிணவளவு' என்று சுருங்கச் சொல்லலாம். கொழு என்பது உழுபடையின் இரும்பையும் குறிக்கும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

— — —

ஐயா, நிணநீர் என்பது வேறொரு பொருளில் உயிரியல் நூல்களில் நிலைபெற்றுவிட்டது. நிணம் என்றதும் மாணவர் அங்கேதான் போவார். ஏர்க்கொழுவுக்கும் இத்தாளுக்கும் உள்ள உறவு எனக்கு விளங்கவில்லை. மதிப்பீடு, ஆசிரியர் மதிப்பெண் இடுவதற்குப் போய்விட்ட சொல்.

— — —

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. சொல் எதுவாயினும், விளக்கத்தில் 'நிறை' என்று எழுதும்போது கவனம் தேவை: தமிழ்நாட்டில் நிறை என்பதை நாங்கள் திணிவு என்கிறோம், எங்கள் நிறை உங்கள் எடை. அதைவிடப் பெரிய சிக்கல் இடுப்பு. கடற்படை வாய்பாடு பெண்களுக்கு இடையையும் அதன் கீழுள்ள அகன்ற பகுதியையும் தனித்தனியே கேட்கிறது. பேச்சுத் தமிழில் இரண்டுமே இடுப்புத்தான். 2018 வாய்பாட்டுக்கு நாடாவை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் சுற்ற வேண்டும் என்று தாளிலேயே எழுதாவிட்டால், சொல் எவ்வளவு தூயதாயினும் விடை பிழைக்கும்.

— — —

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் களைத்துப்போய் இசைந்திருப்பதால் 'உடற்கொழுப்புக் கணிப்பு' என்றே அனுப்புகிறேன். நாடா சுற்றும் இடத்தைப் படத்துடன் சேர்த்துவிட்டேன்.

— — —

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும்: நிணவளவு.