சூனியக்காரி வழக்குகள்: பழி திருச்சபைக்கா, உள்ளூர் நீதிமன்றத்துக்கா?

தேன்மொழி:
ஐரோப்பாவில் 1450 முதல் 1750 வரை சூனியம் வைத்ததாகச் சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர். அதில் முக்கால்வாசி பெண்கள். முதல் பொறுப்பு திருச்சபைக்குத்தான் என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டதால் மாடு செத்தது என்ற பயம் எந்தக் காலத்திலும் இருந்தது. அதைச் சாத்தானோடு ஒப்பந்தம், இரவுக்கூட்டம் என்று பெரிய சதியாக வளர்த்தவர்கள் இறையியலாளர்கள். 1484இல் போப் எட்டாம் இன்னசென்ட்டின் ஆணை வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி எழுதிய சூனிய வேட்டைக் கையேடு 'மாலியஸ் மாலெஃபிகாரம்' அச்சாகிவிட்டது. வெறும் செய்வினைப் புகார் என்றால் ஒருத்தியோடு முடிந்துபோகும். இரவுக்கூட்டம் என்றால், "உன்னோடு வேறு யாரைப் பார்த்தாய்?" என்று அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்.

ஏட்டுச்சுவடி:
கருத்து அங்கிருந்து வந்தது, சரி. ஆனால் கருத்து போன இடத்திலெல்லாம் தீ பிடிக்கவில்லையே. கிராமரே 1485இல் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெலனா ஷாய்பெரின் என்ற பெண் முதலானோர் மீது நடத்திய வழக்கு கலைந்தது. அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னவர் பிஷப் கியோர்க் கோல்சர்.

ஸ்பெயினைப் பாருங்கள். 1610இல் லோக்ரோன்யோ நகரில் இன்க்விசிஷன், அதாவது திருச்சபையின் மதவிசாரணை மன்றம், 6 பேரை உயிரோடு எரித்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான அலோன்சோ டி சலசார் அடுத்த ஆண்டே பாஸ்க் ஊர்களுக்குக் கிளம்பினார். 1,800க்கும் அதிகமானவர்களை விசாரித்தார். கூட்டம் நடந்ததாகச் சொன்ன இடத்துக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே கூட்டிப்போய் ஒரே கேள்விகளைக் கேட்க வைத்தார். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மந்திரத் தைலம் என்று கொண்டுவந்ததை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 1614இல் வந்த புதிய விதிகளோடு அந்த மன்றத்தின் சூனிய எரிப்புகள் ஏறக்குறைய நின்றன.

கொலை குவிந்தது ஜெர்மன் சிற்றரசுகளில். அங்கே 1532இன் 'கரோலினா' இருந்தது, அந்தச் சிற்றரசுகள் அடங்கிய பேரரசின் குற்றவியல் சட்டம். சித்திரவதைக்கு முன் வலுவான சந்தேக ஆதாரம் வேண்டும். பதிலை ஊட்டும் கேள்வி கூடாது. வலியில் சொன்னதைப் பிறகு வலியில்லாத நேரத்தில் உறுதிசெய்ய வேண்டும், சொன்ன விவரத்தை நேரில் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். இத்தனையும் எப்படி உடைந்தது? "இது விதிவிலக்கான குற்றம்" என்ற ஒரு வாதத்தில். இன்னொருத்தி வலியில் சொன்ன பெயரே போதுமான ஆதாரமாயிற்று. கேள்விப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள், அதனால் எல்லா வாக்குமூலமும் ஒரே மாதிரி வந்தது. அந்த ஒற்றுமையையே உண்மைக்குச் சான்று என்றார்கள். மறுத்தால் மறுபடி சித்திரவதை. அதற்குச் சட்டமே இடம் கொடுத்தது.

கார்முகில்:
ரெண்டு பேரும் வயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. 1562 ஆகஸ்டில் தென்மேற்கு ஜெர்மனியில் பெரும் ஆலங்கட்டி மழை, விளைச்சல் நாசம். அதையொட்டி வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரில் 63 பெண்கள் கொல்லப்பட்டார்கள். குளிர் கூடிய காலம், தானிய விலை ஏறிய காலம். 1626 மே மாதம் உறைபனி விழுந்து திராட்சை கருகியதும், பாம்பெர்க், வூர்ஸ்பர்க் என்ற ஜெர்மன் சிற்றரசுகளில் வேட்டை கிளம்புகிறது. கோரிக்கை கீழிருந்து, பசித்த குடியானவர்களிடமிருந்து வந்தது.

ஏட்டுச்சுவடி:
கார்முகில், அதே ஆலங்கட்டி எஸ்லிங்கனிலும் விழுந்தது. அங்கே கைதான பெண்களை விட்டுவிட்டார்கள். மழை புகாரைக் கொண்டுவரும். தண்டனை கொடுப்பது நீதிபதி. ஸ்காட்லாந்திலும் இதைக் காணலாம். அங்கே கைதிகளைத் தூங்கவிடாமல் வைத்து, உடம்பில் ஊசி குத்தி வலிக்காத இடத்தை, சாத்தான் இட்ட குறி என்று, தேடினார்கள். எடின்பரோவில் இருந்த அரசின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் உள்ளூர்ப் பெருமக்களுக்கே விசாரணை அதிகாரம் எழுதிக் கொடுத்தபோது சாவு கூடியது. 1662இல் அதே கவுன்சில் அனுமதியில்லாத ஊசிக்குத்தைத் தடைசெய்ததும் வேட்டை தணிந்தது. உள்ளூர் கையில் அதிகாரம் போனால் சாவு கூடும், தொலைவில் இருக்கும் மேல் அதிகாரம் கட்டுப்படுத்தினால் குறையும்.

தேன்மொழி:
அப்படியானால் சேலத்துக்கு என்ன சொல்வீர்கள்? நம் சேலம் இல்லை, 1692இன் மாசசூசெட்ஸ். ஆளுநரே அமைத்த சிறப்பு நீதிமன்றம், தலைமை நீதிபதி துணை ஆளுநர். தொலைவில் இருந்த பெரிய அதிகாரம்தானே? 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை. ஒப்புக்கொண்டு பிறரைக் காட்டிக்கொடுத்தால் உயிர் தப்பலாம் என்றானபின் பெயர்கள் பெருகாமல் என்ன செய்யும்?

ஏட்டுச்சுவடி:
சேலத்தில் பழுதானது சாட்சிய விதி. "அவள் உருவம் கனவில் வந்து கிள்ளியது" என்பதை ஏற்றார்கள். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் அந்த ஆவியுருச் சாட்சியை ஒதுக்கியது. மூவர் மட்டுமே குற்றவாளிகளானார்கள், அவர்களும் தூக்கிலேறவில்லை. ஊர் அதேதான், நம்பிக்கையும் அதேதான்.

தேன்மொழி:
விதி தானாக உடையாது, உடைப்பவர் ஒருவர் வேண்டும். பாம்பெர்க்கின் ஆட்சியாளர் யோஹான் கியோர்க் ஃபுக்ஸ் ஃபான் டோர்ன்ஹைம், பிஷப்பும் அவரே. நகரத் தலைவர் யோஹான்னஸ் யூனியுஸ் 1628இல் மகள் வெரோனிகாவுக்குச் சிறையிலிருந்து ரகசியமாக எழுதிய கடிதம் இருக்கிறது. கட்டைவிரல் திருகியில் நசுங்கிய கைகளைப் பல வாரம் பயன்படுத்த முடியவில்லை என்கிறார். எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடுங்கள் என்று தண்டனை நிறைவேற்றுபவனே கெஞ்சியிருக்கிறான். ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை. தெருத் தெருவாகப் பெயர் சொல்ல வைத்தார்கள்.

மேல் நீதிமன்றம் காப்பாற்றும் என்கிறீர்கள். பாம்பெர்க்கில் சூனியக் குற்றத்தில் கைதான டோரோதியா ஃப்ளோக்கின் கணவர் பேரரசின் நீதிமன்றத்துக்கே போனார். அதன் ஆணை வந்து சேரும் முன்பே, 1630 மே மாதம், அவசர அவசரமாக டோரோதியாவின் கதையை முடித்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்கு உத்தரவிட்டது குடியானவனும் இல்லை, ஆலங்கட்டியும் இல்லை.