ரோத்துலா: சிற்றாழியா, சில்லா?

> ஸ்பானிய மொழியில் முழங்காலின் முன்னெலும்பு 'ரோத்துலா'. மூலப்பொருள் சிறு சக்கரம் என்பதால் 'சிற்றாழி எலும்பு' என்று தமிழாக்கலாமா?

வணக்கம் ஐயா. மூலம் சரிதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சக்கரத்தைக் குறிக்கும் 'ரோத்தா' என்ற இலத்தீன் சொல்லுக்கு சிறியது எனக் காட்டும் இரண்டு குறுமை வடிவங்கள் உண்டு. 'ரோத்தெல்லா' மக்கள் வாயில் தேய்ந்து, தகரம் மெலிந்து, 'ரோதியெல்லா' ஆகிப் பிறகு 'ரோதிய்யா' ஆனது. 'ரோத்துலா' ஏட்டிலிருந்து அப்படியே எடுத்தது. முதலில் அந்த முன்னெலும்பை மட்டும் குறித்த ரோதிய்யா இன்று முழங்கால் முழுவதற்கும் பெயர். முழங்காலுக்கு முன்பிருந்த 'இனோகோ', பெருஞ்சீரகத்தின் பெயரோடு ஒலியில் ஒன்றிப்போனது. அது வழக்கிழந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மண்டியிட்டு என்னும் பொருளில் 'தெ இனோகோஸ்' மட்டும் தங்கிவிட்டது.

இன்று ரோத்துலா என்பவர் காதில் சக்கரம் விழுவதில்லை. வேர்ப்பொருளை மொழிபெயர்த்தால், அங்கே மறைந்துபோனதை இங்கே உரக்கச் சொன்னதாகும். ஆழிக்குக் கடல், மோதிரம் என்ற பொருள்களும் உண்டே.

நம்மிடம் 'முழங்காற்சில்லு' இருக்கிறது. சில்லு என்றால் வட்டமான சிறு துண்டு, பாண்டி விளையாட்டில் எறியும் ஓட்டுச்சில்லு போல. ஈழத்தில் வண்டிச் சக்கரமே சில்லுதான். தேடிய சக்கரம் உள்ளேயே கிடக்கிறது!

> கணினித் துறையில் சில்லு வேறு பொருளில் வருகிறதே?

வரட்டும். மருத்துவ நூலில் முதல் முறை 'முழங்காற்சில்லு' என்றும், பிறகு 'சில்லெலும்பு' என்றும் எழுதினால் குழப்பம் வராது. கூட்டுச்சொல்லில்தான் கவனம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறும் 'ரெஃப்லெகோ ரோத்துலியானோ' என்பதைச் 'சில்லு மறிவினை' என்றால், மாணவர் சுத்தியலால் எலும்பைத் தட்டுவார். தட்ட வேண்டியது அதன் கீழ் விளிம்புக்கும் கணைக்கால் எலும்பின் மேட்டுக்கும் நடுவே உள்ள தசைநாணை. அதனால் 'சில்லுநாண் மறிவினை' என்பதே என் பரிந்துரை.

இன்னொன்று: வண்டி பழுதுபார்ப்பு நூலில் வரும் ரோத்துலா எலும்பன்று, கிண்ணத்துள் உருண்டை திரும்பும் இணைப்பு. அங்கே சில்லு பொருந்தாது.

> அதற்குப் 'பந்துமூட்டு' போதுமா?

போதும். ஆனால் உடற்கூற்றில் பந்துக்கிண்ண மூட்டு என்பது இடுப்பும் தோளும். முழங்கால் அந்த வகையில்லை. ரோத்துலாவின் இரு பொருள்களையும் சொற்பட்டியலில் ஒன்றாகச் சேர்க்காமல், துறைக்குறிப்போடு தனித்தனிப் பதிவாக இடுங்கள்.