மாலை போட்டால் குடி நிற்குமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

பிறைத் தம்பி:
தைப்பூசம் வருகிறது, வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். அக்கா வீட்டுக்காரர் பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, அரை கிளாஸ் சம்சு, அதாவது மலிவுச் சாராயம், உள்ளே போனால்தான் நிற்கிறது. வரும் வெள்ளிக்கிழமை பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் மாலை போட்டு 48 நாள் விரதம் இருக்க வைப்பது என்று அம்மா முடிவு பண்ணிவிட்டார். அக்கா மட்டும் ஆஸ்பத்திரி என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

தண்ணீர்மலை அண்ணன்:
அம்மா பேச்சைக் கேள் தம்பி. எங்கள் சித்தப்பா எஸ்டேட் காலத்திலேயே கள்ளு, அப்புறம் சம்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வெளியே வந்த வாரமே கடையில் நின்றார். மாலை போட்ட வருடம்தான் விட்டார், இன்றுவரை தொடவில்லை. முருகனுக்குப் பயப்படுகிறவன் டாக்டருக்குப் பயப்பட மாட்டான்.

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
சித்தப்பா விட்டது சந்தோஷம் அண்ணே, ஆனால் தம்பி எழுதிய கை நடுக்கத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். மது மூளையை அமர்த்தி வைக்கும், மூளை அதற்கு ஈடாகத் தன்னை முடுக்கிக்கொள்ளும். மதுவைத் திடீரென்று எடுத்தால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள், காய்ச்சலும் படபடப்பும் ஏறும், உயிரே போகலாம். வெள்ளிக்கிழமை மாலை போட்டால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அது நடக்கலாம். அப்போது சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசி உட்கார வைத்திருப்பார்கள், நர்ஸ் வேலையில் வார்டுக்கு அப்படிக் கடைசி நேரத்தில் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்மலை அண்ணன்:
பயமுறுத்தாதீர்கள் மிஸ்ஸி. வருடா வருடம் எத்தனை பேர் மாலை போட்டுக் குடியை நிறுத்துகிறார்கள், எல்லாருக்குமா வலிப்பு வருகிறது? குடியை விட நினைக்கிறவர்கள் கூடும், வெள்ளைக்காரன் நடத்தும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்திலும் உன்னைக் கடவுளிடம் ஒப்படை என்றுதான் சொல்கிறார்கள். அவன் செய்தால் சிகிச்சை, நாம் செய்தால் மூடநம்பிக்கையா?

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
மூடநம்பிக்கை என்று நான் எங்கே சொன்னேன்? சனிக்கிழமை மட்டும் பீர் குடிக்கிறவர் மாலை போட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் பார்க்கும் கூட்டத்தில் அவர்களும் நிறைய. ஏஏ என்றீர்களே, 1935ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் கடவுளை உணர்ந்ததாகச் சொன்னது 1934 டிசம்பரில், நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையில், குடியை நிறுத்தச் சிகிச்சையில் இருந்தபோது! வார்டில் மூளையின் முடுக்கத்தை அடக்க டயாசிபாம் மாதிரி மருந்து கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். சரியாகச் சாப்பிடாமல் வருடக் கணக்கில் குடித்தவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும், அதன் மேல் ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம் வேறு. பி1 ரொம்பக் குறைந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், விட்டால் ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடும். வீட்டில் பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செந்தூல்காரன்:
எனக்கு இரண்டு பேர் பேச்சும் ஒத்துவரவில்லை, என் கவலை 49வது நாள். பத்துமலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே எங்கள் ஃபிளாட் கீழே பாட்டில் உடைகிறது, அதே ஆட்கள், வருடா வருடம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துத் துடைத்து அனுப்பினாலும் அதே கதைதானே?

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
ஒரு வாரத்தோடு முடிந்தது என்று விட்டால் அதே கதைதான். அந்த வாரம் உயிரைக் காப்பாற்ற, குடியை விடும் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் என்று குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும், கவுன்சலிங்கும் கூடவே போக வேண்டும். நீங்கள் சொல்லும் வருடாந்திர ஆட்கள் தினமும் குடிக்கிறவர்கள் என்றால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் நிறுத்தி, ஆரம்பித்து, மறுபடி நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாக வரலாம். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி உட்கார முடியாது.

பிறைத் தம்பி:
போன வருடமும் மாமா விரதம் ஆரம்பித்தார் மிஸ்ஸி. இரண்டாம் நாள் கீழே விழுந்து கை கால் இழுத்தது, பசி மயக்கம் என்றார் அம்மா. அன்றைக்கே மறுபடி குடித்தார், சரியாகிவிட்டார்.

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
அது பசி மயக்கம் மாதிரி தெரியவில்லை தம்பி, குடித்ததும் சரியானார் என்கிறாயே! ஒரு தடவை வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதுதான் அரசாங்க கிளினிக்குக்கு, கூட்டிப்போ, கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்)தான், போன வருடம் நடந்ததை அப்படியே சொல், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அதுவரை பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். நடுவில் இழுத்தாலோ பிதற்றினாலோ ஆம்புலன்சுக்கு 999 கூப்பிடு.

தண்ணீர்மலை அண்ணன்:
குடிக்க விடுங்கள் என்று ஒரு மிஸ்ஸி சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். சரி, இழுத்திருக்கிறது என்றால் வார்டுக்கே போகட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மாத்திரை முடிந்த பிறகு அந்த மனுஷனைப் பிடித்து நிறுத்துவது எது என்று நீங்கள் யாரும் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. தம்பி, வார்டிலிருந்து வந்ததும் மாலையைப் போடு.

பிறைத் தம்பி:
போடலாம் அண்ணே, டாக்டரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் அக்கா பேசுவதாகச் சொல்லிவிட்டார், காலையில் நான் கிளினிக்கில் போய் நம்பர் எடுக்கிறேன்.