எம்பிஏ படிப்பு நம்மைக் கைவிட்ட இடம்: உங்கள் அனுபவம் என்ன?

பனியன்காரன்
2023 மார்ச், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று அந்த வதந்தி வீடியோ பரவிய சமயம். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் எம்பிஏ முடித்து புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்து எட்டு மாதம். ஷிப்மென்ட்டுக்கு ஒன்பது நாள், பீகார் பையன்கள் மூட்டை கட்டுகிறார்கள். ராத்திரி முழுக்க எக்செல்லில் திட்டம் போட்டேன்: இருப்பவர்களுக்குப் பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், கூடுதல், வருகைக்குத் தனி போனஸ். கல்லூரியில் என்றால் கைதட்டியிருப்பார்கள்.

காலையில் ஹாஸ்டலில் அதை விளக்கிக்கொண்டிருந்தேன். ஓவர்லாக் டெய்லர் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, பேசாமல் தன் போனை நீட்டினான். அந்தப் பக்கம் அவன் அம்மா அழுகிறார். எனக்கு இந்தி தெரியாது. ஒரு கையில் போன், ஒரு கையில் எக்செல் பிரிண்ட். அப்படியே நின்றேன். லைன் சூப்பர்வைசர் அண்ணன் வந்து போனை வாங்கி அரைகுறை இந்தியில் ஏதோ பேசினார். அப்படியும் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

நொய்யல்கரை
இந்தி தெரியாததற்கு எம்பிஏ என்ன செய்யும்? அனுபவம் மட்டும் கிழித்துவிட்டதா? 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலக்கும் வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் முதலாளிக்கு முப்பது வருட சர்வீஸ். "பத்து நாள்ல திறந்துருவாங்க" என்று ஆர்டர் எடுத்துக்கொண்டே இருந்தார். துணி சாயத்துக்குப் போக வழியில்லாமல் குடோனில் வெள்ளையாகவே கிடந்தது. ஆறு, விவசாயி, கோர்ட், ஆர்டர் கொடுக்கும் பையர் என்று எதைத் தொட்டாலும் இன்னொன்று இடிக்கும் விவகாரம் அது.

மெர்ச்சன்டைசர்50
எனக்கும் நூல் விலை ஏறியபோது ஒன்று நடந்தது, அது கிடக்கட்டும். எம்பிஏ வகுப்பில் தரும் கேஸ் ஸ்டடியில் பிரச்சினை இன்னதென்று யாரோ முன்பே முடிவு செய்து, வேண்டிய கணக்கோடு எழுதித் தந்துவிடுகிறார்கள். பெர்க்லி பேராசிரியர்கள் ரிட்டலும் வெப்பரும் 1973-லேயே சொன்னதுதான்: சில சிக்கல்களில் பிரச்சினை எது என்பதே தகராறு. தம்பி சம்பளப் பிரச்சினை என்று நினைத்தார், அங்கே இருந்தது பயம். தம்பி, முதலில் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் ஹாஸ்டலில் சாப்பிடுங்கள். எல்லார் வீட்டு நம்பரும் வாங்கி வையுங்கள். தாமதம் என்றால் பையருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த எக்செல்லை...

பனியன்காரன்
அண்ணே, இந்தி இப்போது ஓரளவு வருகிறது. அந்த அம்மா திரும்பத் திரும்ப "பேஜ் தீஜியே" என்றது காதிலேயே இருந்தது. அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் "ஓகே, ஓகே" என்றிருக்கிறேன்.