பெரியம்மாவை அடிக்கிறார்களோ?

கேள்வி: மதுரையில் பெரியம்மா, 74 வயது. 2019-ல் வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது ஏடிஎம் அட்டை மருமகளிடம். பெரியம்மா போனில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுகிறார். போன வாரம் மணிக்கட்டில் கன்றிப்போன தடம். "கதவு இடிச்சிருச்சு" என்றார், மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான்தான் மிகையாக நினைக்கிறேனா?

பதில் 1: இல்லை. கோயிலுக்கு என்று சொல்லித் தனியாகக் கூட்டிப் போய்ப் பேசுங்கள். மகனிடம் சண்டை வேண்டாம். நீங்கள் கிளம்பியதும் பெரியம்மாதான் அனுபவிப்பார்.

பதில் 2: பத்திரத்தில் 'பராமரிக்க வேண்டும்' என்று நிபந்தனை இருக்கிறதா? இருந்தால் 2007 மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். மனு ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்). முதலில் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசுங்கள்.

கேட்டவர்: கூட்டிப் போனேன். பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதார். "கேஸ் மட்டும் வேண்டாம்டா" என்கிறார். சரி, அன்றைக்கே பாங்குக்குப் போய்ப் பழைய அட்டையை நிறுத்திவிட்டோம்.